சின்னம் அழிந்த சட்டை: விளையாட்டு அட்டைகளும் பிரத்யேக உரிமமும்

பனினி நிறுவனத்தின் பேஸ்பால் அட்டையைக் கையில் எடுப்பவரின் கண்ணில் முதலில் படுவது ஒரு வெறுமை. மட்டையைச் சுழற்றும் வீரர் அசல் ஆள்தான். ஆனால் அவரது தொப்பியிலும் சட்டையிலும் அணியின் சின்னம் இருக்காது. வீரர்கள் சங்கத்தின் உரிமம் பனினிக்குக் கிடைத்தது. அணிச் சின்னங்களுக்கான மேஜர் லீக் பேஸ்பால் உரிமமோ 2010 முதல் டாப்ஸ் நிறுவனத்துக்கு மட்டுமே. அச்சும் தாளும் எவ்வளவு தரமாக இருந்தாலும் சின்னமில்லாத அட்டையைச் சேகரிப்பாளர்கள் ஒரு படி தாழ்த்தியே மதிக்கிறார்கள். தாங்கள் கையெழுத்திடாத ஓர் ஒப்பந்தம் தங்கள் பெட்டியில் இருக்கும் பொருளின் மதிப்பைத் தீர்மானிக்கிறது.

பிரத்யேக உரிமத்தைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் விலையேற்றத்தோடு நின்றுவிடுகிறது. அதைவிட ஆழமான இழப்பு வேறொன்று. சேகரிப்பு என்பது ஒரு வீரரின் ஆட்ட வாழ்க்கையை வரிசை குலையாமல் அடுக்கி வைக்கும் முயற்சி. அந்த வரிசையில் எது இருக்கலாம், எது விடுபட வேண்டும் என்பதை உரிமம் முன்கூட்டியே முடிவுசெய்துவிடுகிறது.

இந்தச் சிக்கலின் வேர் சூயிங் கம்மில் இருக்கிறது. போமன் அட்டைகளை சூயிங் கம்மோடு சேர்த்து வெளியிட்ட ஹேலன் நிறுவனம் வீரர்களோடு தனி ஒப்பந்தம் வைத்திருந்தது. அதே வீரர்களை டாப்ஸ் தன் பக்கம் இழுத்தது. 1953இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் நீதிபதி ஜெரோம் ஃபிராங்க், ஒருவர் தன் உருவத்தைப் பயன்படுத்தும் உரிமையைப் பிறருக்கு விற்கலாம் என்று தீர்ப்பளித்தார். இன்று திரை நட்சத்திரங்கள்வரை நீளும் அந்த உரிமை பிறந்ததே இந்த அட்டை வழக்கில்தான். மூன்றே ஆண்டுகளில் டாப்ஸ் போமனையே விலைக்கு வாங்கிவிட்டது.

அடுத்த கால் நூற்றாண்டு பேஸ்பால் அட்டை என்றால் ஏறக்குறைய டாப்ஸ் அட்டைதான். இதில் வீரர்களுக்கு நன்மையே இல்லை என்று சொல்ல முடியாது. வீரர்கள் சங்கத் தலைவர் மார்வின் மில்லர் 1968இல் டாப்ஸோடு பேரம் பேசி, ஆளுக்கு 125 டாலராக இருந்த ஆண்டுத் தொகையை 250 ஆக்கினார். விற்பனையில் பங்கும் வாங்கிக் கொடுத்தார். ஆனால் அந்த மேசையைச் சுற்றி நிறுவனமும் சங்கமும்தான் உட்கார்ந்திருந்தன. வாங்குபவருக்கு அங்கே நாற்காலி இல்லை.

போட்டி நிறுவனமான ஃப்ளீர் தொடுத்த வழக்கில் 1980இல் வந்த தீர்ப்பு டாப்ஸின் பிடியை உடைத்தது. 1981இல் ஃப்ளீரும் டான்ரஸும் களமிறங்கின. அதே ஆண்டு மேல்முறையீட்டில் டாப்ஸ் வென்றும் வாசல் மூடவில்லை: டாப்ஸின் பிரத்யேக உரிமை கம் அட்டைகளைத் தாண்டவில்லை என்பதால், ஃப்ளீர் கம்முக்குப் பதில் அணி ஸ்டிக்கரையும் டான்ரஸ் புதிர்ப்படத் துண்டுகளையும் பாக்கெட்டில் வைத்து விற்றன. 1989இல் அப்பர் டெக் வந்தது. போலியைத் தடுக்க ஒவ்வோர் அட்டையிலும் ஹோலோகிராம், தடித்த வெள்ளைத் தாள், நல்ல புகைப்படம். அதற்கு ஈடுகொடுக்க டாப்ஸ் 1991இல் ஸ்டேடியம் கிளப் என்ற உயர்தர வரிசையைக் கொண்டுவந்தது. தனியாக இருந்த காலத்தில் டாப்ஸுக்கு அந்த அவசரம் இருந்ததில்லை.

அந்தப் போட்டியே துறையைக் கெடுத்தது என்பார்கள். எண்பதுகளின் இறுதியில் அட்டைகள் அளவுக்கு மீறி அச்சாகி, பெட்டி பெட்டியாக இன்றும் விலைபோகாமல் கிடப்பது உண்மை. ஆனால் அந்தக் குற்றம் பலர் அச்சிட்டதில் இல்லை. எவ்வளவு அச்சிட்டார்கள் என்பதை மறைத்ததில் இருந்தது. ஒரே நிறுவனம் அச்சிட்டாலும் அந்த மறைப்பு சாத்தியம்தான்.

2021 ஆகஸ்டில் காட்சி மாறியது. பேஸ்பால் உரிமம் டாப்ஸின் கையைவிட்டு மைக்கேல் ரூபினின் ஃபனாட்டிக்ஸ் நிறுவனத்துக்குப் போவதாகச் செய்தி வந்தது. பங்குச் சந்தைக்கு வரவிருந்த டாப்ஸின் திட்டம் சரிந்தது. 2022 ஜனவரியில் ஃபனாட்டிக்ஸ் டாப்ஸையே வாங்கியது. கூடைப்பந்து, அமெரிக்கக் கால்பந்து உரிமங்களும் அதே கைக்குத் திரும்பின. 2023இல் பனினி ஏகபோக எதிர்ப்புச் சட்டத்தின்கீழ் வழக்குத் தொடுத்தது. ஃபனாட்டிக்ஸும் எதிர்வழக்குப் போட்டது.

இந்த மாற்றம் சேகரிப்பாளரைத் தொட்ட விதத்துக்குக் கூடைப்பந்து வீரர் விக்டர் வெம்பன்யாமாவின் முதல் ஆண்டே சாட்சி. அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்பிஏவின் 2023 வீரர் தேர்வில் முதலிடம் பெற்று சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் அணிக்குப் போனவர் அவர். என்பிஏ உரிமம் அப்போது பனினியிடம். அவரது கையெழுத்துக்கான பிரத்யேக ஒப்பந்தமோ ஃபனாட்டிக்ஸிடம். எனவே ஸ்பர்ஸ் சட்டையோடு வந்த பனினி ரூக்கி (முதல் ஆண்டு) அட்டைகளில் கையெழுத்து இல்லை. கையெழுத்தோடு வந்த டாப்ஸ் அட்டைகளில் ஸ்பர்ஸ் சட்டை இல்லை. முதல் ஆண்டு ஒருமுறைதான் வரும். இரண்டும் சேர்ந்த அட்டையை எந்தப் பணமும் அந்த ஆண்டுக்குள் திரும்பக் கொண்டுவராது. மைக்கேல் ஜோர்டானுக்கும் இதுதான் நேர்ந்தது. அவரது ஒப்பந்தம் அப்பர் டெக்கிடம் இருக்க, 2009இல் என்பிஏ உரிமம் பனினிக்குப் போனதும், புதிய அட்டைகளில் அவர் புல்ஸ் அணிச் சட்டையை விட்டு வட கரோலினா பல்கலைக்கழகச் சட்டைக்குத் திரும்ப நேர்ந்தது.

ஏகபோகத்தின் நல்ல முகம் என்று காட்டப்படுவது, அறிமுக ஆட்டத்தில் வீரர் அணிந்த சட்டைத் துணுக்கைப் பதித்து டாப்ஸ் வெளியிடும் அட்டை. பேஸ்பால் வீரர் பால் ஸ்கீன்ஸின் அந்த ஒற்றை அட்டையை ஒரு பாக்கெட்டில் கண்டெடுத்தது 11 வயதுச் சிறுவன். 2025 மார்ச்சில் அது 11.1 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அழகான திட்டம்தான், மறுக்க வேண்டியதில்லை. ஆனால் துணுக்கைப் பெற லீகின் ஒத்துழைப்பு போதும். பிற அனைவரையும் வெளியேற்றும் உரிமம் தேவையில்லை. அந்த ஏலத்தை நடத்தியதும் ஃபனாட்டிக்ஸின் சொந்தத் தளமே. அட்டையை அச்சிடுவதும், அதன் மறுவிற்பனைக்கு மேடை போடுவதும் ஒரே வீடு.

அதே மாதம் நீதிபதி லாரா டெய்லர் ஸ்வெயின், பனினியின் முக்கியமான ஏகபோக எதிர்ப்புக் குற்றச்சாட்டுகள் தொடரலாம் என்றார். பனினி வென்றாலும் உரிமம் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறுவதோடு முடிந்துவிடலாம். சேகரிப்பாளர் கேட்க வேண்டியவை வேறு: ஒரு விளையாட்டுக்குக் குறைந்தது இரண்டு உரிமதாரர்கள், குறுகிய ஒப்பந்தக் காலம், ஒவ்வொரு வரிசையிலும் அச்சான எண்ணிக்கையின் வெளிப்படையான அறிவிப்பு. இம்மூன்றையும் உரிம ஒப்பந்தத்திலேயே எழுத லீகுகளாலும் சங்கங்களாலும் முடியும்.