வெண்குருதி மீன்

மீன் வாங்கச் செல்லும் நாம் முதலில் செவுளைத் தூக்கிப் பார்க்கிறோம். சிவந்திருந்தால் புதிது, வெளுத்திருந்தால் பழையதென்று தள்ளிவிடுகிறோம். உயிரோடு துள்ளும்போதே செவுள் வெளுத்திருக்கும் மீன் ஒன்று உண்டென்றால் நம்மில் எத்தனை பேர் நம்புவோம்?

நார்வே நாட்டு உயிரியல் அறிஞர் ஜோஹன் ரூட் நம்பவில்லை. 1929-ஆம் ஆண்டு தென்துருவக் கடலில், திமிங்கில வேட்டைக் கப்பல் ஒன்றில் அவர் இருந்தபோது, திமிங்கிலத்தை அறுக்கும் தொழிலாளி ஒருவர், இந்தக் கடலில் இரத்தமில்லாத மீன்கள் உள்ளன என்றார். முதுகெலும்புள்ள உயிர்களின் குருதி சிவப்பே என்பது அன்றைய பாடம். கொண்டுவந்து காட்டுங்கள் என்றார் ரூட். மீன் வரவில்லை, அதனை வேடிக்கைப் பேச்சென்று ஒதுக்கிவிட்டார். நாடு திரும்பி அக்கதையைச் சொன்னபோது, உடன் ஆய்வாளர் டிட்லெஃப் ரஸ்டாட் நகைக்கவில்லை. 1927-இல் பூவே தீவருகே அத்தகைய மீனை அவர் தம் கண்ணாலேயே கண்டிருந்தார்.

ஆயினும் ரூட் தெற்கு ஜார்ஜியாத் தீவுக்குச் சென்று அம்மீனின் குருதியைச் சோதித்தது 1953-இல்தான். மறு ஆண்டு 'நேச்சர்' இதழில் முடிவு வெளிவந்தது. ஹீமோகுளோபின் அறவே இல்லை; குருதி நீர்போல் தெளிந்திருந்தது. குருதி உண்டு, நிறந்தான் இல்லை என்ற ஒரு திருத்தத்தோடு, தொழிலாளியின் சொல் மெய்யாயிற்று. கத்தி பிடித்த கை அறிந்ததை ஏட்டறிவு ஒப்புக்கொள்ளக் கால் நூற்றாண்டு பிடித்தது!

பிராணவாயுவைச் சுமக்கும் ஹீமோகுளோபின் இன்றி அம்மீன் எவ்வாறு வாழ்கிறது? செங்குருதி கொண்ட உறவின மீன்களோடு ஒப்பிட்டபோது விடை துலங்கிற்று. உறைநிலைக்கு அருகிலுள்ள அக்கடல்நீரில் பிராணவாயு மிகுதியாகக் கரைந்துள்ளது. அது குருதிநீரிலும் அவ்வாறே கரைந்து செல்கிறது. ஆனால் அவ்வாறு சுமக்கக்கூடியது செங்குருதி சுமப்பதில் பத்தில் ஒரு பங்கே. எனவே இதயம் பெருத்திருக்கிறது, குழாய்கள் அகன்றிருக்கின்றன, குருதியின் அளவும் மிகுந்திருக்கிறது.

இதனைக் குளிருக்கேற்ற சிறப்பான தகவமைப்பு என்றே பலரும் போற்றினர். நாமும் அப்படித்தான் எண்ணியிருந்தோம். 2006-இல் புரூஸ் சைடெல், கிறிஸ்டின் ஓ'பிரையன் இருவரும் அதனை மறுத்தெழுதினர். நிறமற்ற குருதியை ஓயாது இறைக்க அவ்விதயம் செலவிடும் ஆற்றல் மிகப் பெரிது. நேர்ந்துவிட்ட ஓர் இழப்பைக் குளிர்ந்த கடல் பொறுத்துக்கொண்டது. உடல் அதற்கு இன்றளவும் விலை கொடுத்து வருகிறது. இவ்விளக்கமே நமக்குப் பொருத்தமாகத் தோன்றுகிறது. ஹீமோகுளோபினை ஆக்கும் மரபணுக்கள் சிதைந்துபோனதால், நீர் வெப்பமுற்றுப் பிராணவாயு குறையுமானால் பழைய வழிக்குத் திரும்ப அம்மீனுக்கு இயலாது.

2021-இல் வெடல் கடலின் அடியில் இவ்வினத்து மீன்களின் கூடுகள் கண்டறியப்பட்டன. அவை ஏறத்தாழ 6 கோடி இருக்கலாமென ஆய்வாளர் மதிப்பிட்டனர். முட்டைகள் இருந்த பெரும்பாலான கூடுகளில், அவற்றைக் காத்தபடி ஒரு மீன் கிடந்தது.