காய்ச்சலில் தட்டணு எதைச் சொல்கிறது?

குரங்கணிச் சரிவுகளிலிருந்து காய்ச்சலோடு போடிக்கு இறங்கி வருகிறவரிடம் வீட்டார் முதலில் கேட்பது, "பிளேட்லெட் எவ்வளவு இருக்காம்?" என்பதைத்தான். இருமலா, மூச்சிரைப்பா, எத்தனை நாள் காய்ச்சல் என்பதெல்லாம் அதற்குப் பிறகு. 2012, 2017 ஆண்டுகளின் டெங்கு தமிழ்நாட்டுக்குக் கற்றுக்கொடுத்த பழக்கம் இது; நிலவேம்புக் குடிநீரையும் பப்பாளி இலைச் சாற்றையும் வீடுவீடாகக் கொண்டுசேர்த்ததும் அதே பயம்தான். பழக்கத்தில் குற்றமில்லை. ஆனால் டெங்குவுக்கென்று வாங்கிய படியால் இன்ஃபுளூயன்சாவையும் கொரோனாவையும் அளந்தால் கணக்கு தவறுகிறது. மூச்சுப்பாதை வைரஸ்களில், எத்தனை தட்டணு (பிளேட்லெட்) குறைந்தது என்பதைவிட, இருப்பவை என்ன செய்துகொண்டிருக்கின்றன என்பதே பெரிய கேள்வி. அங்கே இரத்தம் கசிவதைவிட உறைவதற்கே கூடுதலாக அஞ்ச வேண்டும்.

தட்டணு முழு உயிரணுகூட இல்லை. எலும்பு மஜ்ஜையின் பெரிய தாயணுவிலிருந்து உதிரும், உட்கருவற்ற துணுக்கு. ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் 1.5 லட்சம் முதல் 4.5 லட்சம் வரை இருக்கும்; ஆயுள் 7 முதல் 10 நாள். 1882இல் இத்தாலியின் பிஸ்ஸோஸெரோ உறைதலில் அதன் பங்கை விவரித்த காலம்தொட்டு, காயத்தை அடைக்கும் கொத்தனாராகவே அதைப் பார்த்து வந்தோம். அண்மை ஆய்வுகள் அதற்குக் காவல் வேலையும் உண்டென்று காட்டுகின்றன. 2017இல் சான் ஃபிரான்சிஸ்கோ ஆய்வாளர்கள், எலியின் தட்டணுக்களில் ஏறக்குறைய பாதி நுரையீரலிலேயே உதிர்வதைக் கண்டார்கள். மனிதருக்கும் அதே விகிதம் என்று சொல்லிவிட முடியாது. என்றாலும் நுரையீரல் தட்டணுவுக்கு அயலூர் அல்ல. 2019இல் வெளியான ஆய்வொன்றில், இன்ஃபுளூயன்சா வைரஸைத் தட்டணு தானே உள்வாங்கி, டி.எல்.ஆர்.7 என்னும் உணர்வியால் இனம் கண்டு, ஒரு புரதத்தை வெளியிடுவது தெரிந்தது. அந்தச் சைகை கிடைத்ததும் வெள்ளணுக்கள் தங்கள் டி.என்.ஏ.வையே வலையாக வீசுகின்றன. வலையில் கிருமி சிக்கும், தட்டணுவும் ஒட்டும். நுண்குழாயில் அதுவே கட்டியாகும். பரிசோதனைச் சீட்டில் எண்ணிக்கை சற்றே இறங்குவதில், இப்படி வேலைக்குப் போய்த் திரும்பாதவையும் அடக்கம். கனடாவின் ஒன்டாரியோவில் நடந்து 2018இல் வெளியான ஆய்வு, இன்ஃபுளூயன்சா உறுதியான முதல் 7 நாளில் மாரடைப்பு 6 மடங்காவதைக் காட்டியது. அத்தனையும் தட்டணுவின் வேலை என்று சொல்ல மாட்டேன். காய்ச்சலில் இதயத்தின் சுமையும் கூடுகிறதே.

"அப்படியானால் ஆஸ்பிரின் கொடுத்துத் தட்டணுவை அடக்கிவிடலாமே?" என்று கேட்கலாம். செய்தும் பார்த்தார்கள். ரெகவரி என்னும் ஆய்வில், கொரோனாவால் மருத்துவமனையில் சேர்ந்த 14,892 பேரில், ஆஸ்பிரின் பெற்றவர்களிலும் பெறாதவர்களிலும் 28 நாளில் இறந்தோர் 17 சதவீதமே. என் வாதத்துக்கு எதிரான பலமான சான்று இது, மழுப்பக் கூடாது. ஆனால் அவர்களில் மிகப் பெரும்பாலோர் உறைதலைத் தடுக்கும் ஹெப்பாரினை ஏற்கெனவே பெற்றுவந்தவர்கள். அதற்கு மேலும் உறைகட்டி ஓரளவு குறையத்தான் செய்தது, ஆனால் கசிவு ஏறக்குறைய அதே அளவு கூடியது. தட்டணுவுக்கு வாசல்கள் பல. ஆஸ்பிரின் சாத்துவது ஒன்றை. வைரஸை உணரும் வாசல் திறந்தேதான் கிடக்கிறது. எண்ணிக்கை இறங்கினால் தட்டணு ஏற்றிவிடுவது பத்திரம்தானே என்பார்கள். டெங்குவிலேயே அது நிற்கவில்லை: சிங்கப்பூர், மலேசிய மருத்துவமனைகளில் நடந்து 2017இல் வெளியான ஆய்வில், 20,000க்கு இறங்கிய பெரியவர்களுக்கு முன்கூட்டியே ஏற்றியதால் கசிவு குறையவில்லை.

எண்ணே சில வேளை பொய் சொல்லும். இரத்தம் எடுக்கும் ஊதா மூடிக் குழாயிலுள்ள ஈ.டி.டி.ஏ. உப்பில் சிலருடைய தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இயந்திரம் அந்தக் கொத்துகளை எண்ணாமல் விட்டுவிடும். ஒரு சொட்டைக் கண்ணாடித் தகட்டில் இழுத்துச் சாயமேற்றிப் பார்த்தால், பூச்சின் இறகு போன்ற நுனியில் அவை ஊதா மணலாகக் குவிந்திருக்கும். 60,000 என்று அச்சான சீட்டுக்காரருக்கு உண்மையில் 2 லட்சம் இருக்கலாம். சிட்ரேட் உள்ள நீல மூடிக் குழாயில் மறுபடி எடுத்தால் தெரிந்துவிடும்.

குரங்கணியின் ஏலக்காய்ச் சரிவுகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. காய்ச்சல், இருமல், குறைந்த தட்டணு மூன்றும் சேர்ந்து வந்தாலும் காரணம் வைரஸாக இல்லாமல் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். புதர்களிலுள்ள நுண்ணுண்ணியின் இளம்பருவம் கடித்துப் பரப்பும் பாக்டீரியா நோய் அது. இரத்தக்குழாய்ச் சுவரைத் தாக்குவதால் நுரையீரலும் தட்டணுவும் சேர்ந்தே அடிபடும். இதற்கு டாக்சிசைக்ளினும் அசித்ரோமைசினும் கேட்கும். கடுமையான நோய்க்கு இரண்டையும் சேர்த்துக் கொடுப்பதே மேல் என்பதை வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி முன்னின்று நடத்திய ஆய்வு 2023இல் காட்டியது. சீட்டைப் பார்த்து இந்த நோயைக் கண்டுபிடிக்க முடியாது. தோட்டத்தில் களையெடுத்து வந்தவரின் அக்குளில், இடுப்பில் பாவாடை நாடா இறுகும் இடத்தில், சிகரெட் சுட்டதுபோல ஒரு கறுத்த பொருக்கு இருக்கலாம்; எல்லாரிடமும் இருக்காது. அது வலிக்காது என்பதால் அவராகவும் சொல்ல மாட்டார்.