பல்லில் எழுதிய தண்ணீர்க் கணக்கு

சேலம், நாமக்கல் கிராமங்களில், சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்ளும் இளசுகளைப் பார்த்திருக்கிறீர்களா? வெட்கம் என்று நினைத்தால் ஏமாந்தீர்கள். பல்லில் காவிக் கறை!

1901-ல் அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகருக்கு வந்த இளம் பல் டாக்டர் ஃபிரெடரிக் மெக்கே, இதே கறையைப் பார்த்துத் திகைத்தார். குற்றவாளியைப் பிடிக்க முப்பது வருஷம் ஆனது. 1931-ல் சிக்கியது, குடிநீரில் கரைந்திருந்த ஃப்ளூரைடு. 1937-ல் நம் சென்னை மாகாணத்து நெல்லூரிலும் அதே கதை. அங்கே பல்லோடு நிற்கவில்லை. எலும்பையும் முடக்கிப் போட்டிருந்தது.

சேலத்து மண்ணுக்கடியில் இருப்பது பழம்பாறை. கிணறு வற்றி போர் போட்ட ஊர்களுக்கு அந்தப் பாறையிடுக்குத் தண்ணீர்தான் கதி. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃப்ளூரைடு போனால் ஆபத்து. ஈறுக்குள் பல் உருவாகும்போதே கறை பதிந்துவிடும். எந்தப் பேஸ்ட்டும் போக்காது.

எனக்குத் தெரிந்த அண்ணன் ஒருவர், மகள் கல்யாணத்துக்கு முன் இதைச் சரிசெய்ய அலைந்தார். அரசு ஆஸ்பத்திரியில், "வலிச்சா பிடுங்கலாம், அழகுக்கெல்லாம் இங்க பண்றதில்லீங்க" என்றார்கள். தனியார் கிளினிக்கில், "செராமிக் கேப் போடலாங்க" என்று பல் கணக்கில் ரேட் சொன்னார்கள். முன்பல் மட்டும் ஆறு. "கறவை மாட்டை வித்துத்தான் பல்லு வாங்கணும்போல" என்று திரும்பிவிட்டார்.

1965 வரை சேலம் ஜில்லாவில் இருந்த தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளுக்கு 2013-ல் ஒகேனக்கல் காவிரி வந்தது. அதைக் குடித்து வளரும் பிள்ளைகளின் பல் பிழைக்கும். ஏற்கெனவே கறைபட்ட தலைமுறைக்கு? அவர்கள் கேட்பது அழகு அல்ல. நல்ல தண்ணீர் கிடைக்காமல் போனதற்கு ஈடு.