பள்ளிக்கரணையில் வீடு வாங்கப் போறீங்களா? முதல்ல தண்ணியோட ரூட்டைத் தெரிஞ்சுக்கோங்க!

2024 அக்டோபரில் ஒரு காட்சி வைரல் ஆச்சே, ஞாபகம் இருக்கா? கனமழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி, பள்ளிக்கரணை பக்கத்து மேம்பாலங்களில் வரிசையாக கார்களைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். வெளியூர்க்காரர்கள் மீம் போட்டுச் சிரித்தார்கள். இந்த ஏரியாக்காரர்கள் யாரும் சிரிக்கவில்லை. அதற்கு முந்தைய வருடம், 2023 டிசம்பர் 4-ம் தேதி, மிக்ஜாம் புயல் மழையில் பள்ளிக்கரணை அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றிலிருந்து கார்கள் காகிதக் கப்பல் மாதிரி மிதந்து போன வீடியோவை அவர்கள் மறக்கவில்லை.

அப்படியும் இங்கே வீடு தேடி வருபவர்கள் குறையவே இல்லை. காரணம் இருக்கிறது. வேளச்சேரி-தாம்பரம் சாலையில் நின்றால் ஒரு பக்கம் வேளச்சேரி ரயில் நிலையம், இன்னொரு பக்கம் மேடவாக்கம், தாம்பரம். 200 அடி ரேடியல் ரோட்டைப் பிடித்தால் துரைப்பாக்கம், அதாவது ஓ.எம்.ஆர் ஆபீஸ். அதே ரோட்டில் எதிர்த்திசையில் போனால் பல்லாவரம், ஏர்போர்ட். ஐ.டி-யில் வேலை பார்க்கும் ஜோடிக்கு இதைவிட என்ன வேண்டும்?

இன்னொரு காரணம், இது நேற்று முளைத்த லே-அவுட் இல்லை. ஆதிபுரீஸ்வரர் கோயிலைச் சுற்றியுள்ள பழைய தெருக்களில் இன்னும் கிராமத்து வாசனை மிச்சம் இருக்கிறது. 2011-ல் சென்னை மாநகராட்சியோடு சேரும் வரை இது தனிப் பேரூராட்சி. காலையில் ரேடியல் ரோட்டில் வண்டியை ஓரம்கட்டிப் பாருங்கள். கூழைக்கடா, தாழைக்கோழி, சீசன் இருந்தால் பூநாரைகூடக் கண்ணில் படும். பால்கனியில் காபியோடு நின்று பறவை பார்க்கும் வாழ்க்கை சென்னையில் வேறு எங்கே கிடைக்கும்? புரோக்கர்கள் இதை 'லேக் வியூ' என்று சொல்லி விற்பார்கள். அது லேக் இல்லை, சதுப்பு நிலம். வித்தியாசம் பெரிசு.

தண்ணி ஏன் இங்கேயே வருது?

ஊர்க்காரர்கள் அந்தக் காலத்தில் இந்தச் சதுப்பு நிலத்தைக் கழிவெளி என்று சொல்வார்கள். பக்கத்தில் 'கைவேலி' என்று ஒரு பஸ் ஸ்டாப் இருக்கிறது. அந்தப் பெயரைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கழிவெளிதான் நினைவுக்கு வரும். தென்சென்னையின் வடிகால் தொட்டி இதுதான். செம்பாக்கம், சிட்லபாக்கம், மேடவாக்கம், நாராயணபுரம், மடிப்பாக்கம் என்று சுற்றியுள்ள ஏரிகள் நிரம்பினால் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு வழிந்து, கடைசியில் இங்கேதான் வந்து சேரும். இங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்ஹாம் கால்வாய்க்குப் போய், கோவளம் முகத்துவாரத்தில் கடலில் கலக்கும். உள்ளே வர ஏகப்பட்ட வழி, வெளியே போக ஒரே ஒரு குறுகிய வாசல். கடல் மட்டம் ஏறியிருக்கும் நேரத்தில் அந்த வாசலும் மெதுவாகத்தான் வேலை செய்யும்.

முன்பு தண்ணீர் தேங்கி நிற்க இடம் இருந்தது. சதுப்பு நிலத்தின் பெரும்பகுதியை ரோடுகளும் கட்டடங்களும் பெருங்குடி குப்பைக் கிடங்கும் எடுத்துக்கொண்டன. 2022 ஏப்ரலில் அந்தக் கிடங்கு பற்றி எரிந்தபோது நாள்கணக்கில் புகை. வீடு பார்க்கும்போது காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்பதையும் கவனியுங்கள். பகலில் ஒன்றும் தெரியாது. ராத்திரி ஒரு தடவை போய் மொட்டைமாடியில் நின்று பாருங்கள்.

ராம்சார் என்றால் நமக்கு என்ன?

2022-ல் பள்ளிக்கரணை சதுப்பு நிலம் ராம்சார் தளமாக, அதாவது சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. பரப்பு சுமார் 1,248 ஹெக்டேர். வனத்துறையின் காப்புக்காடு எல்லையைவிட இந்த எல்லை பெரிது. அதனால், "சார், இது ஃபாரஸ்ட் லேண்டுக்கு வெளியே" என்று யாராவது சொன்னால் அதோடு திருப்தி ஆகிவிடாதீர்கள். அடுத்த கேள்வி: "ராம்சார் எல்லைக்கு வெளியேயா? எவ்வளவு தூரம்?"

ஏன் தூரம்? 2025 செப்டம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு ஓர் உத்தரவு போட்டது. சதுப்பு நிலத்தின் தாக்கப் பகுதி எதுவரை என்று அறிவியல்பூர்வமாக ஆய்வு செய்து முடிக்கும் வரை, ராம்சார் தளத்துக்குள்ளும் அதன் எல்லையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள்ளும் புதிய கட்டுமானங்களுக்கு அனுமதி தரக்கூடாது என்றது. அடுத்த மாதமே, பெரும்பாக்கம் பக்கம் ஒரு பெரிய அடுக்குமாடித் திட்டம் சதுப்பு நிலத்துக்குள் வருகிறது என்ற வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் பணிகளுக்கு இடைக்காலத் தடை விதித்தது. இந்த மாதிரி உத்தரவுகள் மாறிக்கொண்டே இருக்கும். அட்வான்ஸ் கொடுக்கும் வாரத்தில் நிலவரம் என்ன என்று ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுவிடுங்கள்.

ஏற்கெனவே கட்டிய பழைய ஃப்ளாட்தானே, நமக்கென்ன என்று நினைக்கலாம். அங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். 20 வருடப் பழைய ஃப்ளாட்டை வாங்கும்போது நாம் உண்மையில் வாங்குவது சிமென்ட்டை இல்லை, யு.டி.எஸ் எனப்படும் பிரிக்கப்படாத நிலப் பங்கை. நாளைக்கு இடித்துக் கட்டலாம் என்பதுதான் அந்தப் பங்கின் மதிப்பு. புதிதாகக் கட்ட அனுமதி கிடைக்குமா என்பதே கேள்வியாக இருக்கும் இடத்தில், அந்தப் பங்குக்கு புரோக்கர் சொல்லும் விலை நியாயமா? கேட்டுத்தான் ஆகணும்.

பேப்பரில் என்ன பார்ப்பது?

பட்டாவோடு நிறுத்தாதீர்கள். 'அ' பதிவேட்டில் அந்த சர்வே நம்பர் என்ன வகைப்பாட்டில் இருக்கிறது என்று பாருங்கள். ஏரி, கழுவெளி, மேய்க்கால் புறம்போக்கு மாதிரி வார்த்தை எங்காவது எட்டிப் பார்த்தால், அந்த இடத்திலேயே ஸ்டாப். எஃப்.எம்.பி ஸ்கெட்ச்சில் பக்கத்தில் ஓடை, வாய்க்கால் போகிறதா என்பதும் தெரியும். தரையில் அந்த வாய்க்கால் இன்று காம்பவுண்டு சுவராக இருக்கலாம். மழைக்கு அது தெரியாது!

வில்லங்கச் சான்றிதழ் போடும்போது ஒரு சிக்கல் வரும். இந்தப் பகுதி முதலில் செங்கல்பட்டு மாவட்டம், பிறகு காஞ்சிபுரம், 2018-லிருந்து சென்னை. சர்வே நம்பர்களும் உட்பிரிவு ஆகியிருக்கும். புது நம்பரை மட்டும் போட்டுத் தேடினால் பழைய வில்லங்கம் வராமல் போகலாம். தாய்ப்பத்திரத்தில் உள்ள பழைய நம்பரையும் போட்டுத் தேடச் சொல்லுங்கள். புது புராஜெக்ட் என்றால் ரெரா பதிவு எண், சி.எம்.டி.ஏ அனுமதி எண், முக்கியமாக அனுமதி தந்த தேதி. "பேங்க் லோன் அப்ரூவ் ஆகிடுச்சு, அப்ப எல்லாம் கரெக்ட்தான்" என்பது ஆபத்தான நிம்மதி. பேங்க் தன் பணம் திரும்புமா என்று பார்க்கும். உங்கள் ஹாலுக்குள் தண்ணீர் வருமா என்று பார்க்காது.

இஸ்திரி கடை அண்ணனிடம் கேளுங்க

அதைச் சொல்ல வேறு ஆள் இருக்கிறார்கள். நண்பன் ஒருவனுக்காக இங்கே வீடு பார்க்கப் போனபோது, விற்பவர் "தெரு முனை வரைக்கும்தான் தண்ணி வந்துச்சு" என்றார். கீழே இறங்கி எதிரே இருந்த இஸ்திரி கடை அண்ணனிடம் கேட்டோம். அவர் பேசவே இல்லை. வண்டியை விட்டு வந்து, பார்க்கிங் தூணில் தன் நெஞ்சு உயரத்தில் கையை வைத்துக் காட்டினார். பெயின்ட் அடித்திருந்தார்கள். ஆனாலும் பூச்சுக்கு அடியில் ஒரு கோடு தெரிந்தது.

கேட்க வேண்டியது இரண்டே வருடம்: 2015, 2023. இரண்டிலும் தண்ணீர் எது வரை வந்தது, எத்தனை நாள் நின்றது, கரன்ட் எப்போது திரும்பியது? பிறகு நீங்களே பாருங்கள். ஈ.பி மீட்டர் போர்டு தரையிலிருந்து எவ்வளவு உயரம்? ஜெனரேட்டர் எங்கே இருக்கிறது? சம்ப் மூடி ரோடு மட்டத்தில் இருந்தால், வெள்ளம் வரும் நாளில் குடிக்கிற தண்ணியும் போச்சு. ரோடு போடும் ஒவ்வொரு முறையும் உயர்ந்துகொண்டே போனால் முதல் மாடி வீடுதான் ஓரளவு பாதுகாப்பு. முதல் மாடியில் இருந்தாலும் கார் கீழேதான் நிற்கும். கார் இன்ஷூரன்ஸில் இன்ஜின் பாதுகாப்பு ஆட்-ஆனைச் சேர்த்துக்கொள்ளுங்கள். வயசான அப்பா, அம்மா கூட இருக்கிறார்கள் என்றால் இன்னொரு தடவை யோசிங்க. மூன்று நாள் கரன்ட்டும் லிஃப்ட்டும் இல்லாத வீட்டில் அவர்களை எப்படிக் கீழே இறக்குவீர்கள்?

இதையெல்லாம் மீறி இந்த ஊரைப் பிடித்துப்போகிறவர்கள் இருக்கிறார்கள். என் நண்பனும் அதில் ஒருவன்தான். அந்த ஃப்ளாட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கவில்லை. பதிலாக, இரண்டு தெரு தள்ளி 11 மாத அக்ரிமென்ட்டில் வாடகைக்குப் போயிருக்கிறான். ஐப்பசி, கார்த்திகை மழையை இங்கேயே இருந்து பார்த்துவிட்டு, தையில்தான் மறுபடி புரோக்கருக்கு போன் போடுவானாம்.