சைப்ரஸிலிருந்து டொராண்டோ வரை: இஸ்ரேலில் வெளிநாட்டுத் திருமணங்கள்

இஸ்ரேலில் மதச்சார்பற்ற பதிவுத் திருமணம் என்ற ஏற்பாடு கிடையாது. யூதர்கள் ரபிகள் எனும் தம் மதகுருக்களிடமும், முஸ்லிம்கள் ஷரியா நீதிமன்றங்களிலும், கிறிஸ்தவர்கள் தத்தம் திருச்சபையிலும்தான் மணம் முடிக்கலாம். ஓட்டோமான் காலத்து இந்த முறையை 1922-இன் பிரிட்டிஷ் அரசாணை தொடர்ந்தது. 1953-இன் சட்டம் யூதர்களின் மணத்தையும் மணமுறிவையும் ரபி நீதிமன்றங்களின் கையில் கொடுத்தது. இரு மதத்தவர் மணக்க விரும்பினால் பெரும்பாலும் வெளிநாடுதான் போக வேண்டியிருந்தது. பக்கத்தில் இருந்தது சைப்ரஸ்.

அங்கே ஒரு யூத ஆணை மணந்து திரும்பிய கிறிஸ்தவப் பெண் தொடுத்த ஃபங்க்-ஷ்லேஸிங்கர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1963-இல் தீர்ப்பளித்தது. நீதிபதி யோயெல் ஸுஸ்மான் வகுத்த விதி எளிமையானது: பதிவு அலுவலர் நீதிபதி அல்ல, திருமணம் செல்லுமா என்று ஆராய்வது அவர் வேலையில்லை, முறையான சான்றிதழைக் காட்டினால் அதன்படி எழுத வேண்டும்.

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 2003-இல் தன்பாலினத் திருமணம் சட்டபூர்வமானது. டொராண்டோவில் மணந்த ஐந்து இஸ்ரேலிய ஆண் இணையர்களைப் பதிய உள்துறை அமைச்சகம் மறுத்தது. இஸ்ரேலியச் சட்டம் அறியாத திருமண வகை இது என்பது அரசின் வாதம். 2006 நவம்பர் 21 அன்று உச்ச நீதிமன்ற அமர்வின் ஏழு நீதிபதிகளில் ஆறு பேர் அதை நிராகரித்தனர். எல்யாகிம் ரூபின்ஸ்டைன் மட்டும் மாறுபட்டார். பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய அஹரோன் பராக், இது பதிவு பற்றிய முடிவுதான், திருமணத்தின் செல்லுபடி பற்றியதல்ல என்று வரம்பு கட்டினார். அந்த எச்சரிக்கையே தீர்ப்பின் வலிமை. மதச் சட்டத்தோடு மோதாமல், நாற்பது ஆண்டுப் பழமையுள்ள ஸுஸ்மானின் விதியை எல்லோருக்கும் ஒன்றுபோல் பொருத்தியதால் அதை அசைப்பது கடினமாயிற்று.

பதிந்த மணம் முறிந்தால் யாரிடம் போவது என்பது அடுத்த சிக்கல். வழக்காடிய இணையர்களுள் முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர் ஊஸி ஈவனும் அமித் காமாவும் பிரிய முடிவெடுத்தபோது, 2012-இல் ரமத் கான் குடும்ப நீதிமன்றமே மணமுறிவை வழங்கியது. ரபி நீதிமன்றத்தின் தனியுரிமையில் விழுந்த இந்தக் கீறல், மணப்பதிவைவிட ஆழமானது என்றே சொல்ல வேண்டும்.

பயணச் செலவு தாங்காதவர்களுக்கு வழி கிடைக்க மேலும் பத்தாண்டு ஆனது. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஒரு மாவட்ட நிர்வாகம் காணொளி வழியே திருமணம் நடத்தத் தொடங்கியிருந்தது. இஸ்ரேலிலிருந்தபடியே அப்படி மணந்தவர்களையும் பதிய வேண்டுமென 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது.