கைபர் வழியில் ஒரு சிறுமி

வேலூரிலிருந்து கண்ணமங்கலம் செல்லும் சாலையில் உள்ளது கணியம்பாடி. அந்த ஒன்றியத்துச் சிற்றூர்களில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் சமுதாய நலப் பிரிவினர் பல பத்தாண்டுகளாக வீடு வீடாகச் சென்று தாய்சேய் நலம் பேணி வருகின்றனர். அந்தந்த ஊரைச் சேர்ந்த பெண்ணொருவரையே தேர்ந்து, பயிற்சி அளித்து, முதற்படியில் நிறுத்தியிருப்பது அப்பணியின் சிறப்பு. அறிமுகமற்றவரிடம் சொல்லக் கூசும் செய்தியைத் தன் தெருப் பெண்ணிடம் ஒருத்தி தயங்காமல் சொல்வாள் அன்றோ?

இம்மருத்துவமனை பிறந்த வரலாறும் ஒரு கூச்சத்தில்தான் தொடங்குகிறது. 1890களில் திண்டிவனத்தில் ஒரே இரவில் மூவர், பேறுகால வேதனையில் துடித்த தம் மனைவியருக்கு உதவி தேடி, மருத்துவர் ஸ்கட்டரின் இல்லத்துக்கு வந்தனர். அம்மூவருள் ஒருவர் முஸ்லிம். ஆண் மருத்துவர் வருவதை அவர்கள் ஏற்கவில்லை. அவருடைய மகள் ஐடாவோ அப்போது மருத்துவம் அறியாதவர். விடிவதற்குள் மூன்று பெண்களும் மாண்டனர். அந்த இரவே ஐடாவை மருத்துவம் பயில வைத்தது. 1900இல் வேலூரில் மருத்துவப் பணியைத் தொடங்கிய அவர், 1918இல் பெண்களுக்கென ஒரு மருத்துவப் பள்ளியையும் நிறுவினார்.

பெண் மருத்துவர் இல்லாத குறை இன்று பெரிதும் தீர்ந்துவிட்டது. ஆனால் கூச்சம் தீர்ந்ததா? அது மருத்துவர் வாசலை விட்டு அகன்று, தாய்க்கும் மகளுக்கும் நடுவே வந்து அமர்ந்திருக்கிறது. பருவமெய்தும் நாள்வரை மகளிடம் ஒரு சொல்லும் சொல்லாமல், அந்நாளில் அவள் அஞ்சி அழும்போது, "யாரிடமும் சொல்லாதே" என்று மட்டும் சொல்லி முடித்துவிடும் இல்லங்கள் நம்மிடையே இன்றும் உண்டு. கேட்டால், இதுதான் மார்க்கம் கற்பித்த நாணம் என்கிறார்கள். வரலாறு அப்படிச் சொல்கிறதா?

ஹிஜ்ரி 7ஆம் ஆண்டு. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கைபருக்குப் புறப்படுகிறார்கள். காயமுற்றோருக்கு மருந்திட உடன்வருகிறோம் என்று கிஃபார் குலத்துப் பெண்கள் சிலர் வேண்ட, பெருமானார் இசைகிறார்கள். அவர்களுள் இளையவளான ஒரு சிறுமியைத் தம் ஒட்டகத்துச் சேணப்பையின் மீது அமர்த்திக்கொள்கிறார்கள். விடியற்காலையில் ஒட்டகம் மண்டியிட, இறங்கிய சிறுமி பையில் இரத்தக் கறையைக் காண்கிறாள். அதுவே அவளுடைய முதல் மாதவிடாய். வெட்கத்தால் ஒட்டகத்தோடு ஒட்டி ஒடுங்கி நிற்கிறாள்.

பெருமானார் அதைக் கண்டார்கள். முகம் சுளிக்கவில்லை, காணாததுபோல் திரும்பிக்கொள்ளவும் இல்லை. மாதவிடாய் வந்துவிட்டதோ என்று பரிவோடு வினவினார்கள். தன்னைச் சரிசெய்துகொள்ளவும், நீரில் உப்பிட்டுக் கறையைக் கழுவவும், பின் தன் இடத்தில் ஏறி அமரவும் சொன்னார்கள். அபூதாவூதின் தொகுப்பிலும் இப்னு இஸ்ஹாக்கின் சீராவிலும் இடம்பெற்ற செய்தி இது. அறிவிப்பாளர் வரிசை குறித்து ஹதீஸ் ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டெனினும், நூற்றாண்டுகளாக நம் அறிஞர்கள் எடுத்துரைத்து வந்த நிகழ்ச்சியே. வெற்றிக்குப் பின் பெருமானார் தம் கையாலேயே அச்சிறுமிக்குக் கழுத்தணி அணிவித்ததாக இப்னு இஸ்ஹாக் கூறுகிறார். அவள் வாழ்நாள் முழுதும் தூய்மைக் குளிப்பு நீரில் உப்பிட்டு வந்தாள். தன் மையித்தைக் குளிப்பாட்டும் நீரிலும் உப்பிடுமாறு சொல்லிச் சென்றாள். வெட்கி ஒடுங்கிய நாளில் கேட்ட கனிவான வார்த்தை அவள் உள்ளத்தில் எவ்வளவு ஆழமாய்ப் பதிந்தது, பாருங்கள்!

மதீனத்து அன்சாரிப் பெண்களும் இவ்வாறே துணிந்து கேட்டனர். மாதவிடாய்க்குப் பின் குளிக்கும் முறையை ஒரு பெண் நபிகளாரிடம் வினவியபோது, அவள் மேலும் விளக்கம் நாட, அன்னை ஆயிஷா (ரலி) அவளைத் தம்பக்கம் இழுத்துத் தெளிவுபடுத்தினார்கள். கல்வி கற்க நாணம் தடையாக இராத அப்பெண்களைப் பாராட்டவும் செய்தார்கள். அன்னை மாதவிடாயில் இருந்தபோது அவர்கள் மடியில் சாய்ந்து பெருமானார் குர்ஆன் ஓதியதையும் நாம் அறிவோம். தனிப்பாயும் தனித்தட்டும் அவ்வீட்டில் இல்லை.

ஃபிக்ஹு நூல்களும் இதை மறைக்கவில்லை. தூய்மைப் பாடத்திலேயே ஹைளின் சட்டங்கள் வந்துவிடும். வேலூர் வட்டாரத்தில் மிகுந்துள்ள ஹனஃபி மத்ஹபில் அதன் குறைந்த அளவு 3 நாள், கூடிய அளவு 10 நாள். கடலோர ஊர்களில் வழங்கும் ஷாஃபி மத்ஹபில் குறைந்தது ஒரு நாள், கூடியது 15 நாள். இரு மத்ஹபுகளும் ஹைளு தொடங்கக்கூடிய வயதைச் சந்திரக் கணக்கில் 9 என்றே வைத்துள்ளன. தொழுகையும் நோன்பும் இதனோடு பிணைந்திருக்க, 9 வயதுக்குள் மகளுக்குச் சொல்லாத தாய் அவள் கடமையையே அவளுக்கு மறைத்தவள் ஆகமாட்டாளா?

சொல்ல வேண்டியதோ சிறிதே. இது நோயன்று, குற்றமன்று. முதல் ஓரிரு ஆண்டுகள் நாள் முன்பின்னாக வருவது இயல்பு. துணியாயின் சோப்பிட்டு அலசி வெயிலில் உலர்த்த வேண்டும். பீரோவுக்குப் பின்னே ஈரமாய் ஒளித்து வைத்தால் நோய்தான் சேரும். 2012இல் தமிழக அரசு தொடங்கிய 'புது யுகம்' திட்டம் கிராமத்து வளரிளம் பெண்களுக்கு விலையின்றி அணையாடை வழங்கியது. அதை வாங்கவும் கூசாத மனம் வேண்டும். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி 15 முதல் 19 வயதுவரையுள்ள இந்தியப் பெண்களில் ஏறத்தாழ 59 விழுக்காட்டினர் இரத்தசோகை உடையோர். எனவே கீரையும் பயறும் முட்டையும் இறைச்சியும் மகளின் தட்டில் குறையலாகாது. ஒரு வாரத்துக்கு மேல் உதிரம் நீடித்தாலோ, மணிக்கொரு முறை துணி மாற்ற நேர்ந்தாலோ மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும்.

தாயில்லாப் பிள்ளைக்குப் பெரியம்மாவோ, சாச்சியோ, மாமியோ சொல்லலாம். யாருமில்லையேல் தந்தை சொன்னாலும் குறைவில்லை. கைபர் வழியில் அச்சிறுமியின் அச்சத்தைப் போக்கியவர் யார் என்பதை எண்ணிப் பார்த்தால் அவருக்கும் தயக்கம் எழாது. நாணம் ஈமானின் ஒரு கிளை, அதில் ஐயமில்லை. ஆனால் பெற்ற மகளை இருளில் விடுவதற்கு அந்த நல்ல பெயரைச் சூட்டலாகாது.