ஒரு சக்கரம் மட்டும் சுற்றினால்...

கார் சேற்றில் மாட்டினால் ஒரு சக்கரம் கிர்ரென்று சுற்றும், இன்னொன்று அசையாது. பார்த்திருப்பீர்கள். மழைக்காலத்தில் தி.நகர்வாசிகள் இதற்காக வெளியூர் போகவேண்டியதில்லை :)

குற்றவாளி டிஃபரன்ஷியல். வளைவில் வெளிச்சக்கரம் அதிக தூரம் ஓடவேண்டுமே, அதற்காக 1827-ல் பிரான்சில் பெக்கேர் என்பவர் காப்புரிமை பெற்ற அமைப்பு. இரண்டு பக்கமும் ஒரே அளவு விசைதான் தரும். வழுக்கும் சக்கரம் கொஞ்சம்தான் ஏற்கும், எனவே மற்றதுக்கும் அந்தக் கொஞ்சம்தான்! 1930-களில் ஆட்டோ யூனியன் பந்தயக் காரின் 16 சிலிண்டர் பலம் இப்படி வீணானதால் போர்ஷே தீர்வு கேட்க, இசட்.எஃப் நிறுவனம் லிமிடெட் ஸ்லிப் வகையைச் செய்து கொடுத்தது. 1956-ல் அமெரிக்காவின் பேக்கார்டு அதை சாலைக் காருக்கும் கொண்டுவந்தது.

நம்மூரில் கதையே வேறு. வண்டலூர் பக்கம் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டில் பின்சக்கரங்கள் தனித்தனியே அசையும். 1970-களில் வந்த கெசலோ பழையபடி ஒற்றை இரும்பு ஆக்சிலுக்குத் திரும்பியது. தெருமுனை மெக்கானிக்கால் பிரிக்கமுடிய வேண்டும், அவ்வளவுதான். லிமிடெட் ஸ்லிப் எல்லாம் ஆடம்பரம்.

அதனால் பழைய வெளிநாட்டுக் காரில் அது உடைந்தால் புதுப்பேட்டையில் கிடைப்பது அதிர்ஷ்டம். கிளட்ச் பிளேட் மட்டும் தேய்ந்திருந்தால் அதை மாற்றினால் போதும். கூடே உடைந்திருந்தால் முழு யூனிட். கிரவுனும் பினியனும் ஜோடி, பிரிக்கக்கூடாது. பல் இடைவெளி தப்பினால் ஊளையிடும். ஆயிலும் தனி ரகம். சாதாரண டிஃபரன்ஷியலை மாட்டினாலும் கார் ஓடும்தான். ஆனால் எங்கள் பி.காம் கணக்கில் தேய்மானம் கழித்து மதிப்பு பூஜ்யமான பொருள் என்று நினைத்து, கழற்றியதை எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.